ஊர் எடுக்கும் சீட்டு

வடசென்னையின் மாத்தூரிலோ மணலியிலோ திருவொற்றியூரிலோ சீட்டு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருபது பேர் சேர்கிறார்கள். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுகிறார்கள். சேர்ந்த தொகையை மாதத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்கிறார். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, நகைச்சீட்டு, தீபாவளிப் பண்டு என்று தெருவுக்கொரு வகை. வங்கியில் கடன் கேட்டு நிற்கத் தயங்கும் குடும்பங்களில் பள்ளிக் கட்டணமும் வீட்டு முன்பணமும் காதுகுத்தும் வளைகாப்பும் இந்த வழியில்தான் நடந்தேறுகின்றன. இந்தச் சீட்டில் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றிப் பார்ப்போம். எல்லாரும் வழக்கம்போல மாதாமாதம் கட்டுகிறார்கள். ஆனால் உறுப்பினர் யாரும் எடுப்பதில்லை, ஊர் எடுக்கிறது. எதற்காக எடுப்பது என்பதைக் கட்டியவர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆங்கிலத்தில் 'கிவிங் சர்க்கிள்' என்று சொல்லப்படும் ஏற்பாடு இவ்வளவுதான். தமிழில் கொடை வட்டம் எனலாம்.

கேட்பதற்கு இது நன்கொடை வசூலின் இன்னொரு பெயர்போலத் தோன்றும். ஆனால் கூழ் வார்த்தலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருபவரிடம் பணம் கொடுக்கும்போது, அதை வைத்து என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. அறக்கட்டளைக்கு அனுப்பும்போது முடிவு அறங்காவலர்களின் கையில். செல்போனில் வரும் மருத்துவ உதவிக் கோரிக்கைக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்பினால் அனுப்பியதோடு நம் வேலை முடிகிறது. அந்தப் பிள்ளை பிழைத்ததா என்பதுகூடத் தெரிவதில்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் கைமாறும் தொகை பெரியது. ஆனால் அது நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய பணம், உறவின் பெயரில் நடக்கும் வட்டியில்லாக் கடன். கொடை வட்டத்தில் பணம் திரும்பி வராது. அதற்குப் பதில் கொடுப்பவருக்கு மூன்று வேலைகள் வந்து சேர்கின்றன: ஊரில் எது இல்லை என்று தேடுவது, தேடியதில் எது முதலில் என்று மற்றவர்களோடு வாதாடி முடிவுக்கு வருவது, கொடுத்தது என்ன ஆயிற்று என்று நேரில் போய்ப் பார்ப்பது. மாத்தூர் போன்ற ஓர் ஊருக்கு இன்று பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது இந்த மூன்று பழக்கங்களும்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாத்தூர் எப்படிப்பட்ட ஊர் என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். 2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளோடு மாத்தூரும் மாநகராட்சிக்குள் வந்தது. இன்று அது மணலி மண்டலத்தின் ஒரு பகுதி. ஒரு பக்கம் மாதவரம் பால்பண்ணை, இன்னொரு பக்கம் மணலியின் ஆலைகள், நடுவே எம்.எம்.டி.ஏ. குடியிருப்பும் பிற்பாடு முளைத்த மனைப்பிரிவுகளும். 1960-களின் பிற்பகுதியில் எண்ணெய் சுத்திகரிப்பும் அதையடுத்து உர உற்பத்தியும் மணலிக்கு வந்தன. 1970-ல் எண்ணூரில் அனல்மின் நிலையம். 2001-ல் எண்ணூர் துறைமுகம். ஒவ்வொன்றும் வேலை தேடி வந்த குடும்பங்களைக் கூட்டி வந்தது. காசிமேடு முதல் எண்ணூர் வரையுள்ள மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் ஊர் வரியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு வலை கிழிந்தாலும் ஒரு சாவு விழுந்தாலும் கேட்க ஒரு கூட்டம் உண்டு. பல மாவட்டங்களிலிருந்து வந்து மனை வாங்கியவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கலந்து வாழும் குடியிருப்பில் அப்படி ஒரு பொது அமைப்பு தானாக உருவாவதில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேலை பெரும்பாலும் மனு எழுதுவது: சாலை, தெருவிளக்கு, கழிவுநீர். எழுத வேண்டியவைதான். அந்த மனுக்களுக்குள் அடங்காத ஒரு வகைத் துன்பமும் ஊரில் இருக்கிறது.

அந்த வகைக்கு இலக்கணம் சொல்வதென்றால், குடும்பத்துக்குப் பெரிது, மாநகராட்சிக்குச் சிறிது. ஒற்றை அறை வாடகை வீட்டில் தொலைக்காட்சிக்கும் அடுப்புக்கும் நடுவே பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு மாலையில் மூன்று மணி நேரம் விளக்கும் மேசையும் உள்ள ஓர் இடம் வேண்டும். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை வரை போகும் முதியவருக்குச் சிகிச்சை இலவசம். ஆட்டோ இலவசம் இல்லை. காசநோய்க்கு மாத்திரை கிடைக்கிறது. மாத்திரையைத் தாங்கும் சாப்பாடு வீட்டில் இல்லை. அங்கன்வாடியில் தண்ணீர் வடிகட்டி பழுதாகிக் கிடக்கிறது. சரிசெய்ய ஆகும் தொகை மிகச் சிறியது, அதற்கு ஒப்புதல் வாங்கும் பாதை மிக நீளமானது. இவற்றில் எதுவும் சட்டமன்றத்தில் பேசப்படாது, செய்தித்தாளில் வராது. ஒரு குடும்பம் தனியாகச் சுமந்தால் முதுகு ஒடியும். முப்பது குடும்பங்கள் பங்கிட்டால் மாதம் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலை.

இப்படிப் பகிர்ந்து சுமக்க முடியும் என்பதற்கு இந்தப் பக்கத்து வரலாறு சாட்சி. ஸ்டான்லி மருத்துவமனையை வயதானவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782 வாக்கில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் அது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் 'மோனிகர் சௌல்ட்ரி' ஆனது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். நோயாளிகளுக்கு மருத்துவம் வந்தது. பிறகு அரசு வந்தது. மருத்துவப் பள்ளி வந்தது. 1930-களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வந்தது. இன்று வடசென்னை முழுவதும் நம்பியிருக்கும் மருத்துவமனையின் வேர் ஒரு கஞ்சித் தொட்டி. பெரம்பூரிலோ, 1918-ல் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்நின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று கொண்டாடப்படுகிறது. பக்கிங்காம் - கர்னாடிக் ஆலைத் தொழிலாளிகள் கொடுத்த சந்தாவில் நின்ற அமைப்பு அது. கூலி வாங்குபவர்கள் பொது நோக்கத்துக்காகத் தவறாமல் சிறுதொகை கொடுப்பார்களா என்ற கேள்விக்கு வடசென்னை நூறு ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

கொடை வட்டத்துக்கு மிக நெருங்கிய தமிழ் முன்னோடியைப் பார்க்க விருதுநகர் வரை போக வேண்டும். அங்கே நாடார் வணிகர்களிடம் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு உறவின்முறை எனும் சாதி அமைப்பின் பொது நிதியில் சேர்ப்பார்கள். கோயில், கிணறு, சத்திரம் எல்லாம் அதிலிருந்து. 1880-களில் அந்த நிதி ஒரு பள்ளியைப் பெற்றெடுத்தது: சத்திரிய வித்தியாசாலை. வணிகம் இல்லாத வீடுகள் என்ன கொடுப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பது. சேர்ந்ததை வந்து வாங்கிப்போய்ப் பணமாக்கிப் பள்ளிக்குச் செலவிடுவது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. பிள்ளைகள் கட்டணமில்லாமல் படித்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பிடி அரிசியில் படித்த அந்த மாணவர் முதலமைச்சராகி 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார் என்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஊர் செய்து காட்டியதைப் பிறகு அரசு பெரிதாக்கிச் செய்தது. கஞ்சித்தொட்டியிலும் நடந்தது அதுதான்.

இதே ஒரு பிடி மிசோரமிலும் உண்டு. அங்கே பிரஸ்பிடீரியன் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து வருகிறார்கள். 'புஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். நூறாண்டு தாண்டியும் நிற்காத அந்த வழக்கம் சபையின் பணிகளுக்கு இன்று முக்கியமான வருவாய். அமெரிக்காவில் 2001-ல் சின்சினாட்டி நகரில் வெண்டி ஸ்டீல் என்பவர் தொடங்கிய 'இம்பாக்ட் 100' என்ற வட்டத்தின் கணக்கு எளிது: நூறு பெண்கள், ஆளுக்கு ஆயிரம் டாலர், சேர்ந்த லட்சம் டாலரை ஓட்டுப்போட்டு ஓர் அமைப்புக்குக் கொடுப்பது. 2017 முதல் 2023 வரையிலான காலத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அந்த நாட்டில் ஏறத்தாழ 4,000 கூட்டுக் கொடைக் குழுக்களையும் அவற்றில் 3,70,000 பேரையும் கணக்கிட்டது; அந்தக் காலத்தில் அவர்கள் கொடுத்தது 310 கோடி டாலருக்கு மேல். இந்தியாவில் இந்த முறையைப் பெரிதாகச் செய்துகாட்டிய மும்பையின் 'தஸ்ரா' அமைப்பு நடத்தியது லட்சங்களில் கொடுக்கக்கூடியவர்களின் வட்டம். அதனால் இது வசதிபடைத்தவர் விளையாட்டு என்ற எண்ணம் இங்கே படிந்திருக்கிறது. விருதுநகரின் அரிசிப் பானையைப் பார்த்தால் அந்த எண்ணம் தலைகீழானது என்று தெரியும்.

சேர்ந்து கொடுப்பதால் கொடுப்பவரிடம் என்ன மாறுகிறது? ஏஞ்சலா ஐகன்பெரி, ஜெசிகா பியர்மன் ஆகிய ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, வட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள், யோசித்துக் கொடுக்கிறார்கள், பலவகை அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள், ஊர்க் காரியங்களில் கூடுதலாக ஈடுபடுகிறார்கள் என்று கண்டது. இதை அப்படியே விழுங்க வேண்டாம். ஏற்கெனவே ஊர்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் வட்டத்தில் சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் கூடிப் பேசுவதன் பயனைக் காண ஆய்வு தேவையில்லை. தனியாகக் கொடுப்பவர் எதிரே வந்து நிற்கும் துன்பத்துக்குக் கொடுப்பார். வந்து நிற்கத் தெரியாத துன்பம் அவர் கண்ணில் படாது. முப்பது பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு அங்கன்வாடி தெரியும், ஒருவருக்குப் பின்தெருவில் காசநோயோடு கிடப்பவரைத் தெரியும், ஒருவருக்குக் கணக்கு தெரியும், ஒருவருக்கு வார்டு அலுவலகம் தெரியும். 'புதுத் துணி வாங்கிக் கொடுக்கலாம்' என்று ஒருவர் நெகிழும்போது, 'துணி இருக்கிறது, அவர்களுக்குக் கழிப்பறைக் கதவு இல்லை' என்று சொல்ல இன்னொருவர் இருப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கூட்டம் கூடலாம்.

வடசென்னைக்கு இதில் ஒரு தனிப் பாடமும் உண்டு. இந்தப் பகுதிக்கு உதவி வருவதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளம்போல வந்து வெள்ளம்போல வடிந்துவிடுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து படகும் வலையும் கறுத்தபோதும் உணவுப் பொட்டலங்களும் பாய்களும் வந்து குவிந்தன. அவை வந்தது நல்லதே. ஆனால் நிவாரண வண்டிகள் போன பிறகுதான் மிச்சத் துன்பம் தொடங்குகிறது: ஊறிப்போன பாடப்புத்தகம், பழுதான தையல் எந்திரம், ஒரு மாதத் தொழில் இழப்பு, அடைக்க வேண்டிய கடன். அப்போது கையில் பணமும், யாருக்கு என்ன தேவை என்ற பட்டியலும், பரஸ்பர நம்பிக்கையும் உள்ள ஒரு குழு தெருவிலேயே இருந்தால் நிலைமை வேறு. அந்த மூன்றையும் வெள்ளம் வந்த அன்று உண்டாக்க முடியாது. வெயில் காலத்தில் உண்டாக்க வேண்டும்.

இனி மறுப்புகள். 'வரி கட்டுகிறோம், அரசு செய்யட்டும்; ஆலைகள் லாபம் பார்க்கின்றன, அவை செய்யட்டும்; நாங்கள் ஏன்?' என்பது முதல் மறுப்பு. வலுவான மறுப்பும்கூட. பல்லாண்டுகளாக நாட்டுக்கு எரிபொருளும் உரமும் மின்சாரமும் கொடுத்துவிட்டுப் புகையையும் சாம்பலையும் தன்னிடம் வைத்துக்கொண்ட பகுதி இது. அந்தக் கணக்கை இங்கு வாழ்பவர்களே சில்லறை போட்டுத் தீர்க்க வேண்டும் என்று சொல்வது அநியாயம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2024-ல் அரசு 4,181 கோடி ரூபாயில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. எனவே கேட்கும் உரிமையை விட வேண்டியதில்லை. கேட்பதற்குத்தான் வட்டம் உதவுகிறது. 'எங்கள் பகுதிக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று ஒருவர் எழுதும் கடிதத்துக்கும், 'இந்த மூன்று தெருக்களில் இத்தனை பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை, ஓர் ஆண்டு நாங்கள் நடத்திப் பார்த்தோம், செலவு இவ்வளவு, இனி நீங்கள் ஏற்க வேண்டும்' என்று கணக்கோடு முப்பது பேர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடிதத்துக்கும் அதிகாரியின் மேசையில் ஒரே எடை இருக்காது. ஒரு விதியை மட்டும் வட்டம் இறுகப் பிடிக்க வேண்டும்: சட்டப்படி அரசு செய்ய வேண்டியதற்கு நிரந்தரமாகப் பணம் கட்டக் கூடாது. செய்து காட்டலாம், இடைவெளியை அடைக்கலாம். பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது மறுப்பு, 'சில ஆயிரங்களில் என்ன ஆகிவிடும்?' முப்பது பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. இதை வைத்து ஏரி தூர்வார முடியாது. ஒரு மாலைப் படிப்பகத்துக்கு மின்கட்டணமும் மேசை நாற்காலியும் கொடுக்க முடியும். சில நோயாளிகளின் போக்குவரத்தை ஏற்க முடியும். மேலும், சிறு பணம் பெரிய பணத்தை இழுக்க வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990-களின் பிற்பகுதியில் வந்து, 2021-ல் நகரங்களுக்குப் புத்துயிர் பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தருகிறது. அந்தக் கணக்கில் 72,000 ரூபாய் 2,16,000 ரூபாய் வேலையாகும். 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், அரசுப் பள்ளிகளுக்குத் தனிமனிதர்களும் நிறுவனங்களும் கொடுப்பதற்கென்றே அமைந்த வாசல். அதே ஆண்டில் வந்த மத்திய அரசின் 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் காசநோயாளிகளின் சத்துணவுச் செலவைத் தனியாரும் குழுக்களும் சில மாதங்களுக்கு ஏற்கலாம். வாசல்கள் திறந்தே இருக்கின்றன. கூட்டமாகப் போய் நிற்க ஆள்தான் இல்லை.

மூன்றாவது மறுப்பைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். மனதுக்குள் முதலில் எழுவது அதுதான்: 'பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால்?' சீட்டு நடத்தியவர் தலைமறைவு என்ற செய்தியைப் படித்துப் படித்து வளர்ந்த ஊரில் இந்தப் பயம் நியாயமானது. ஆனால் சீட்டு ஏன் உடைகிறது என்று பாருங்கள். பெருந்தொகை ஒரே கையில் சேர்கிறது; கணக்கு அந்த ஒருவரின் நோட்டில் மட்டும் இருக்கிறது; கட்டியவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். கொடை வட்டத்தில் இம்மூன்றையும் முளையிலேயே தவிர்க்கலாம். பணத்தைச் சேர்த்துவைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவிட்டுவிட வேண்டும். அவசர நிதிக்கு ஒரு சிறு பங்கு போதும். இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. வரவும் செலவும் ரசீதின் படத்தோடு அன்றே வாட்ஸ்ஆப் குழுவில். கூடிய மட்டும் ரொக்கம் தராமல் கடைக்கோ மருந்தகத்துக்கோ நேரே செலுத்துவது. கணக்கு பார்ப்பவர் ஆண்டுக்கொருமுறை மாறுவது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் பழகிய பெண்களுக்கு இவை எதுவும் புதிதல்ல. 1989-ல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய அந்தக் குழுக்கள், தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுப் பேரேட்டையும் தெருவுக்குத் தெரு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. கணக்கு எழுதத் தெரிந்த கைகள் ஏற்கெனவே மாத்தூரில் இருக்கின்றன.

நான்காவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. மகமை ஒரு சாதியின் நிதி. புஃபாய் தாம் ஒரு சபையின் நிதி. அமெரிக்க வட்டங்களிலும் ஒத்த வகையினர் ஒன்றுகூடுவதே அதிகம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அப்படியானால் இங்கேயும் அது சாதிச் சங்கமாகவோ கட்சிக் கிளையாகவோ வீட்டுக்காரர்களின் மன்றமாகவோ ஆகிவிடாதா? ஆகலாம். பிடி அரிசியின் வெற்றிக்கு உறவின்முறையின் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. கொடுக்காதவரைக் கேள்வி கேட்க அங்கே ஓர் அதிகாரம் இருந்தது. பல ஊர்க்காரர்களும் பல மதத்தவரும் கலந்த குடியிருப்பில் அந்த அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது. அதன் இடத்தில் விதிகள் நிற்க வேண்டும். முடிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே தொகை. கூடுதலாகக் கொடுப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். முதல் பத்துப் பேரிலேயே வாடகைக்கு இருப்பவரும், பெண்களும், வெவ்வேறு தெருக்காரரும் இருக்க வேண்டும். பேனர் கிடையாது, பொன்னாடை கிடையாது, உதவி பெறுபவரோடு படம் எடுப்பது கிடையாது. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை புதுக் கொடை கிடையாது. சட்டமாக எழுதிவைத்தால் சண்டை பாதி குறையும்.

ஏழை எப்படிக் கொடுப்பார் என்ற கேள்வியும் எழும். வாங்குபவர் ஒரு பக்கம், கொடுப்பவர் ஒரு பக்கம் என்று ஊரைப் பிரிப்பதே இந்த முறைக்கு விரோதம். 200 கட்ட முடியாதவர் 20 கட்டலாம். அதுவும் முடியாதவர் மாலைப் படிப்பகத்தின் சாவியை வைத்துக்கொள்ளலாம். உழைப்பையும் கட்டணமாக ஏற்கும் வட்டத்தில்தான் உண்மையான தேவைகள் பேச்சுக்கு வரும். உதவி பெற்ற குடும்பத்திலிருந்து அடுத்த ஆண்டு ஒருவர் உறுப்பினராக வருகிறாரா என்பதே வட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் உரைகல்.

தொடங்குவதற்கு அதிகம் வேண்டாம். பத்து முதல் முப்பது பேர்; அதற்கு மேல் போனால் பேச்சு நடக்காது, இரண்டாகப் பிரித்துக்கொள்வதே மேல். ஓராண்டுக்கு மட்டும் வாக்குறுதி, பிறகு விருப்பம்போல. முதல் மாதம் பணம் வசூலிக்காமல் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும்: பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர், பெற்றோருக்குப் பெரும்பங்கு உள்ள பள்ளி மேலாண்மைக் குழு ஆகியோரைக் கேட்டால் ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். அதில் மூன்றைத் தேர்ந்து, இருவர் இருவராக நேரில் போய் விசாரித்து, கூட்டத்தில் பேசி, ஓட்டெடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கைவிட்ட இரண்டும் ஏன் கைவிடப்பட்டன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை அவைதான் முன்னால் நிற்கும்.

சட்டம் பற்றிச் சில வரிகள். வட்டம் வளர்ந்தால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து பதியலாம். பதிவு வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவு பெற்ற நம்பகமான தொண்டு நிறுவனம் வழியாகக் கொடுக்கலாம். வருமான வரிச் சலுகையை நம்பித் தொடங்க வேண்டாம்: அது அனுமதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. இன்னொரு கண்ணி வெளிநாட்டுப் பணம். துபாயில் இந்தியக் குடிமகனாக வேலை பார்க்கும் அண்ணன் வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும், அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. பாசத்தோடு வரும் பணமானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கொடை வட்டத்தால் ஆலைப் புகை குறையாது. கண்டெய்னர் லாரிகள் வழிவிடா. அவற்றுக்கு வேறு போராட்டங்கள் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டங்களுக்கும் முதலில் தேவைப்படுவது, பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்து பழகிய மனிதர்கள்தான். அந்தப் பழக்கத்துக்கு மாதம் 200 ரூபாய் பெரிய விலை இல்லை. உங்கள் தெருவில் அடுத்த சீட்டு தொடங்கும்போது இருபது பெயர்களை எழுதுவீர்கள். இருபத்தோராவதாக ஊரின் பெயரையும் எழுதுங்கள்.